நானூற்று எழுபது

மரைக்கார் கண்ணாடி மேசையில்
இரண்டு தோட்டாக்களை நிமிர்த்தி வைத்தார்.
மூன்று எழுபத்தைந்து ஒல்லி. புதுப் பித்தளை.
நானூற்று எழுபது
என் நடுவிரலைவிட நீளம், ஏறத்தாழ அதே தடிப்பு.
துறைமுகக் காற்றுக்கு
அடிவிளிம்பில் பச்சை பூத்திருந்தது.

"மெத்தென்ற மூக்கு கரடிக்கு, சிறுத்தைக்கு.
உங்கட அலியனுக்கு முழு உருக்கு.
வளையக்கூடாது, விரியக்கூடாது,
சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரவேணும்."
தபால்காரரைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.
இரண்டுக்கும் துவக்கு உள்ளே இருந்தது,
ஏதோ ஒரு தோட்டத்துத் துரை
கப்பலேறுமுன் விற்றுவிட்டுப் போனவை.

என் பையில் கச்சேரிக் கடிதம்:
பாலம்போட்டாற்று வயல்வெளியில்
மூவரைக் கொன்ற,
இடது முன்காலை இழுத்து நடக்கும்,
கொம்பில்லா ஆண் யானையை.
மூவரில் ஒருவன் சீனித்தம்பி, என் மடைக் காவலாளி.
என்னிடம் ஐந்து ரூபா கைமாற்று வாங்கியிருந்தான்.
அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

யானை மண்டை வெளியே பாறை, உள்ளே தேன்கூடு.
காதுத்துளைக்கும் கண்ணுக்கும் ஒரு கோடு கீறு.
துளைக்குச் சற்று முன்னே, எலும்பின் ஆழத்தில்
ஒரு பெரிய பாணளவு மூளை.
தப்பினால்
அது உன்னைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

மூன்று எழுபத்தைந்தில் மகசினுக்கு நாலு.
நாலு இருக்கிறதென்ற நினைப்பே கையை அவசரப்படுத்தும்.
மற்றதில் இரண்டு குழல், இரண்டு வெடி.
மூன்றாவதற்கு நேரம் கிடைத்தால்
எதிரே நிற்பது யானையில்லை.
உதை மூன்று நாள் தோளில் கிடக்கும்.
கிடக்கட்டும்.

வாசலில் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று
வெறும் தோட்டாப் பெட்டியின் அட்டையை
மென்றுகொண்டு நின்றது.
மரைக்கார் "சூ" என்றார். அது நகரவில்லை.

"நானூற்று எழுபது. ஆறு" என்றேன்.

பேரேட்டைத் திறந்தார்.
என் லைசென்ஸ் எண்ணைத் தேடி
பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
ஆவணி, ஆடி, ஆனி என்று
பின்னுக்குப் புரட்டினார்.
விரல் நின்றது.

மாசி. ஓவசியர் கதிரமலை.
எஸ்.ஜி. இரண்டு பெட்டி. பயிர்க்காவல்.

அன்றைக்கு நிலவில்லை.
பரணிலிருந்து தாழ்த்தி, சத்தம் வந்த பக்கம், இரண்டு வெடி.
ஒரு தோட்டாவுக்கு ஒன்பது சன்னம்.
தண்ணீர் சிதறியது. ஒரு பிளிறல்,
பிறகு தவளைகள்கூடக் கத்தவில்லை.
விடிய வரம்பில் இரத்தம் கண்டோம், அதிகமில்லை.
"ஓடிட்டுது ஐயா" என்று
தேத்தண்ணி கொண்டுவந்தவன் சீனித்தம்பி.
பேருக்கேற்ற மாதிரி சீனி கூட.
குடித்தேன். நன்றாயிருந்தது.
எந்தக் காலில் பட்டதென்று
யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மரைக்கார் அந்த வரியை வாசித்தாரா
தெரியாது.
எண்ணைப் பார்த்து எழுதி
மையை ஊதினார்.
"பச்சை பிடிச்சதுக்குக் காசு குறைக்கட்டா?"
"வேண்டாம்."

சன்னத்துக்கு அன்று கொடுத்தது சில்லறை.
இன்றைக்கு ஆறுக்கு
அரை மாதச் சம்பளம் எண்ணி வைத்தேன்.
பெரிய தோட்டா என்று ஒன்று
தேவைப்படுவதே
சின்னதொன்று எங்கோ உள்ளே தங்கிவிட்டதால்தானோ?
மேசையில் கேட்கிற கேள்வியில்லை அது.
கேட்கவில்லை.

துவக்கைப் பொலிஸ் ஜீப் பின்னேரம் கொண்டுவரும்.
ஆறு தோட்டாவும் சட்டைப்பையில்,
நெஞ்சின் இடது பக்கம்,
துணியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தன.
கந்தளாய் பஸ் புறப்பட உறுமியது.
எட்டி நடந்தேன், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து.

கொண்டக்டர் கைகொடுத்தான்:
"என்ன ஐயா, காலில ஏதும் பட்டதோ?"

பாலம்போட்டாற்றுக்கு ஒரு டிக்கட் என்றேன்.